இருநூற்றுப் பதினான்கு எண்கள்

மார்ச் 11, 2019, திங்கள்

எல்விரா வீட்டில் ஒத்திகை. பூங்கா வழியாக நடந்தே போனேன். ரொசாரியோவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

நோயெமி கிளாரினெட்டில் இரண்டாவது நிலையை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஏய் காது, இடது பக்க ஸ்பீக்கர் என்ன இந்தக் கத்து கத்துது? குறைடா."

குறைத்தேன். எவ்வளவு குறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தலையாட்டும்வரை குறைத்துக்கொண்டே போனேன்.

இது மூன்றாவது முறை.

மார்ச் 19

காது மருத்துவர் ஒரு பெண். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு மளமளவென்று அழுத்தினேன். இடது காதுக்கு மாறியதும் வெகு நேரம் எதுவுமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"பாதிக்கு மேல போயிடுச்சு. திரும்பி வராது. வலதைக் காப்பாத்திக்கோங்க. அதிகச் சத்தம் கூடாது. என்ன வேலை பண்றீங்க?"

"இசைக் குழுவில."

"என்ன வாசிப்பீங்க?"

"வாசிக்கிறதில்ல. கேக்குறது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

மார்ச் 20

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

நாங்கள் மூன்று பேர். எல்விரா ஸ்தொப்பானி இசை எழுதுகிறாள், பியானோ வாசிக்கிறாள். எழுபத்தொரு வயது. நோயெமி பேஸ் கிளாரினெட் ஊதுகிறாள். நிற்க வைத்தால் அவள் நெஞ்சு உயரம் வரும் கருவி, கழுத்து வாரில் மாட்டி மணிக்கணக்கில் தாங்க வேண்டும். அவர்கள் எழுப்பும் ஒலியைக் கணினிக்குள் வாங்கி, நீட்டி, உடைத்து, தாமதித்து, திரும்ப அரங்கத்துக்குள் விடுவது என் வேலை. திரையில் பெட்டிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், சில பெட்டிகளில் எண்கள். அந்த வரைபடம் முழுவதற்கும் பேட்ச் என்று பெயர். எங்கள் பேட்சில் இருநூற்றுப் பதினான்கு எண்கள் இருக்கின்றன. எல்விராவின் படைப்பு பதினொரு நிலைகளாகப் போகிறது. ஒவ்வொரு நிலைக்கும் அந்த எண்கள் வேறு வேறு.

இந்த மென்பொருளின் குணம் ஒன்று. கோப்பைச் சேமித்தால் பெட்டிகள் இருக்கும், கோடுகள் இருக்கும், எண்கள் மட்டும் இருக்காது. அடுத்த முறை திறந்தால் எல்லாம் பூஜ்யம். எண்கள் வேண்டுமென்றால் அவற்றைத் தனியாக ஓர் உரைக் கோப்பில் எழுதி வைத்து, திரும்பப் படிக்கும் ஒரு பகுதியை நாமே கட்ட வேண்டும்.

கட்டியிருந்தேன். 2008 வரை அது இருந்தது. நிலையின் எண்ணைத் தட்டினால் அத்தனையும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் இதே வேலையை ஐரோப்பாவில் படித்துவிட்டு ஒருவன் ஊருக்கு வந்திருந்தான். எல்விரா தொலைபேசியில் யாரிடமோ என்னைப் பற்றிப் பேசியது சமையலறையிலிருந்த எனக்குக் கேட்டது. "ஃபெர்மின்தானே? அவன் பட்டன அமுக்குறவன். பட்டன யாரு வேணா அமுக்கலாமே."

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷ வேலை. மறுநாள் எல்விராவிடம் சொன்னேன்: கோப்பு கெட்டுவிட்டது, தவிர, ஒவ்வோர் அரங்கத்துக்கும் எண்கள் மாறும், இனிமேல் காதால்தான் வைக்க வேண்டும்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கண்கள் விரிந்தன அவளுக்கு. "அப்ப ஒவ்வொரு தடவையும் புதுசாப் பொறக்குது!" என்றாள். அடுத்த மாதமே ஒரு பத்திரிகையில் சொன்னாள்: நாங்கள் எதையும் சேமிப்பதில்லை. அதன் பிறகு எல்லாப் பேட்டியிலும் அதுதான். எனக்குக் காது என்று பெயர் வைத்தவளும் அவள்தான். ஐரோப்பாக்காரன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

பதினொரு வருஷம். கச்சேரிக்கு முந்தின நாளே ஊர் போய்ச் சேர்வோம். மூன்று மணி நேரம் நான் ஹெட்போன் மாட்டி உட்கார்வேன். நோயெமி நின்றுகொண்டு ஒவ்வொரு சுரமாக ஊதுவாள். வைத்ததைக் கச்சேரிவரை கணினியை அணைக்காமல் விட்டு வைப்பேன், மேடையில் நிலை மாறும்போது மவுஸால் நகர்த்துவேன். எண்களோ எனக்கு மனப்பாடம். நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மீதி நேரம்?

சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஏப்ரல் 6

கண்டுபிடிக்கப்படுவோம் என்று பயந்த காலம் உண்டு. இப்போது பயம் வேறு. மனப்பாடமாக வைத்த எண்களையும் கடைசியில் காதால்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வருஷங்கள் போகப் போக எண்கள் நகர்ந்துவிட்டன. முதலில் வேஷமாக இருந்தது நிஜமாகவே தேவையாகிவிட்டது. இப்போது அந்தக் காது போகிறது.

ஜூனில் புவெனோஸ் அயர்ஸில் பெரிய கச்சேரி.

சேமிக்கும் பகுதியை மறுபடி கட்ட ஆரம்பித்தேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. என் வீட்டில் நான் தனியாள், யாருக்காகத் தாழ்ப்பாள்?

ஏப்ரல் 9

எண்களைக் கோப்பில் எழுதுகிறது. படிக்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 10

எண்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக விட்டிருக்கிறேன். அதற்கு ஒரு நாள் போனது.

ஏப்ரல் 17, புதன்

எல்விரா பல் மருத்துவரிடம் போயிருந்தாள். நோயெமியும் நானும் மட்டும். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, அவளிடம் எதுவும் சொல்லாமல், ஆறாம் நிலையிலிருந்து ஏழுக்குப் போக எண்ணைத் தட்டினேன்.

ஸ்பீக்கர் ஊளையிட்டது. நாய் மேல் வண்டி ஏறினால் வருமே, அப்படி. நோயெமி கருவியோடு பின்னால் சாய்ந்து நாற்காலியைத் தள்ளிவிட்டாள். நான் மின்சார ஒயரையே பிடுங்கினேன்.

"என்ன எழவுடா இது! என்னைக் கொல்லப் பாத்தியா?"

"வரிசை தப்பிடுச்சு" என்றேன். வாயில் வந்துவிட்டது. எண்களெல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதாகத்தான் தோன்றும். அப்படியில்லை, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். ஒலியைத் தன் மேலேயே சுற்றவிடும் எண் ஆறாம் நிலையில் மிகவும் பெரியது. அது இறங்குவதற்கு முன்னால் ஏழாம் நிலையின் ஒலியளவு திறந்துவிட்டது.

"எது வரிசை? நீ ஒண்ணொண்ணா மவுஸால இல்ல வைப்பே? இப்ப ஒரு தட்டு தட்டினே. அவ்வளவும் மாறிச்சு. நான் பாத்தேன்."

சொன்னேன். காதைப் பற்றி முதலில். அதற்கு அவள் முகம் இளகியது, என் தோளில் கை வைத்தாள். பிறகு 2008.

கையை எடுத்துக்கொண்டாள்.

"பதினொரு வருஷமாவா?"

"ம்."

"சாந்தா ஃபே?"

பிடுங்கின ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

2016. சாந்தா ஃபேயில் கச்சேரிக்கு முந்தின நாள். மதியம் அவளுக்குப் போன் வந்தது, சொந்த ஊரான வெனாதோ துவெர்த்தோவில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் கச்சேரிக்குத் திரும்பிவிடலாம். நாலு மணிக்கு என்னிடம் வந்து கேட்டாள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று. எல்விரா ஒரு பத்திரிகைக்காரரைக் கூட்டி வந்து என் பின்னால் உட்கார வைத்திருந்தாள். நான் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினேன் — இரு, இரு என்று. ஆறு மணிக்குத்தான் ஹெட்போனைக் கழற்றினேன். அவள் அப்பா மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். அன்று மாலை அவள் ஊதினாள்.

"அன்னிக்கு எத்தனை மணிக்கு முடிச்சே?"

"நோயெமி..."

"எத்தனை மணிக்குடா?"

"மூணேகாலுக்கு."

அவள் கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினாள். ஒவ்வொரு துண்டையும் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவசரமே படவில்லை. வாசல்வரை போய் நின்று, "எல்விராகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்றாள்.

ஏப்ரல் 18

அன்று மூன்றேகாலிலிருந்து ஆறு வரை ஹெட்போனில் என்ன கேட்டேன்? யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் ஓடவில்லை. என் இரத்தம் ஓடும் சத்தம் மட்டும் இருந்திருக்கும்.

ஏப்ரல் 27

ஊளை சரியாகிவிட்டது. நிலை மாறும்போது முதலில் ஒலியளவை மூடு, பிறகு எண்களைப் போடு, எல்லாம் வந்த பிறகு இரண்டு விநாடி எடுத்து மெதுவாகத் திற. இவ்வளவுதான். பழைய பேட்சிலும் இதையேதான் செய்திருந்தேன். என் வேலையையே மறந்திருக்கிறேன்.

எண்கள் சரியா என்று யாரிடம் கேட்பது? நோயெமி ஒத்திகைக்கு வருகிறாள், ஊதுகிறாள், போகிறாள். என்னைக் காது என்று கூப்பிடுவதில்லை. ஃபெர்மின் என்கிறாள்.

மே 5, ஞாயிறு

எல்விராவின் வீட்டில் மதியச் சாப்பாடு. ரவியோலி அவளே செய்திருந்தாள். இன்று சொல்லிவிடுவது என்று போனேன். முதல் தட்டு முடிந்தது, சொல்லவில்லை. இரண்டாவது தட்டு. அவள் புவெனோஸ் அயர்ஸ் பற்றிப் பேசிக்கொண்டே போனாள்.

"அரங்கத்துக்காரங்க ஒண்ணு கேட்டாங்க, நான் சரின்னுட்டேன். நீ சுருதி வைக்கிறத ஜனங்க உக்காந்து பாக்கப் போறாங்க. அஞ்சு மணிலேருந்து எட்டு வரைக்கும். அதுக்குத் தனி டிக்கெட். அறுபது இடம், அறுபதும் போயிடுச்சு! யோசிச்சுப் பாரு, ஒரு மனுஷன் மூணு மணி நேரம் கேக்குறத அறுபது பேர் பாக்கப் போறாங்க."

அப்போது சொன்னேன். வரிசையாக, எதையும் விடாமல். காது, தொலைபேசியில் நான் கேட்டது, எடுத்துவிட்ட பகுதி, நாற்பது நிமிஷம், சாந்தா ஃபே, இப்போது கட்டியிருப்பது.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"காது போன துக்கத்துல என்னென்னமோ தோணுது உனக்கு."

"இல்ல எல்விரா. நடந்ததைத்தான் சொல்றேன்."

"நீ உள்ள என்ன பண்ணிட்டிருந்தே, பொய் பண்ணியா நிஜம் பண்ணியா, அது உன் பாடு. பதினொரு வருஷமா நான் கேட்டது நிஜம். அத நீ இப்ப வந்து எடுத்துட்டுப் போக முடியாது."

"கோப்பு இருக்கு. ஒரு தட்டுல வந்துடும். நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"சேமிச்ச சத்தம் செத்த சத்தம். அத என் கச்சேரியில விடமாட்டேன். ஒரு காது போதும் உனக்கு. அஞ்சு மணிக்கு வந்து உக்காரு."

ரவியோலி இன்னும் போடட்டுமா என்று கேட்டாள். போட்டாள்.

மே 6

சொல்லிவிட்டால் விடுதலை என்று நினைத்தேன். சொன்ன பிறகு கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருக்கிறது. நான் சொன்ன பொய்யை நானே வாபஸ் வாங்க முடியவில்லை — அது இப்போது அவளுடையது.

மே 14

நோயெமியிடம் சொன்னேன். அவள் பார் வாசலில் நின்று கார்லித்தோ சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். உருகின சீஸை விரலில் சுற்றி வாயில் போட்டபடி கேட்டாள்.

"சொல்லிட்டே. சரி. அவங்க கேக்கல. இப்ப என்ன பண்ணப் போறே?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். நீ போய் உக்காருவே. நான் மூணு மணி நேரம் நிப்பேன்."

மே 30

இன்று காலை எழுந்ததும் அறை சுற்றியது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம். இதுவும் காதின் வேலைதான் என்கிறார் மருத்துவர்.

விலகிவிடுகிறேன் என்று எல்விராவுக்குக் கடிதம் எழுதினேன். நான் போனால் கச்சேரியே இல்லை என்று ஆக்கி வைத்தவனும் நான்தானே. நோயெமிக்கும் அது சோறு. கிழித்துப் போட்டேன்.

ஜூன் 12

ஒத்திகை. எல்விரா பக்கத்தில் இருந்தபோது காதால் வைப்பதுபோல வைத்தேன். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது கோப்பிலிருந்து வரவழைத்தேன். வந்து உட்கார்ந்து வாசித்தாள். "பாத்தியா, எப்படி உயிரோட இருக்கு!" என்றாள்.

நோயெமி என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 21

நாளை கச்சேரி. இன்று பஸ்ஸில் நாலு மணி நேரம், இடது காது ஜன்னல் பக்கம். எல்விரா வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள். வலது காதுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு அறுபது பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மேடை நடுவில் என் மேசை. திரையைப் பெரிதாக்கிப் பின்சுவரில் காட்டியிருந்தார்கள், பெட்டியும் கோடும் சுவர் முழுக்க. எல்விரா முதல் வரிசையில், சிவப்புச் சால்வையோடு.

அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் வரவழைத்து வைத்திருந்தேன். ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓர் எண்ணை மேலே ஏற்றினேன், இறக்கினேன். ஏற்றினேன், இறக்கினேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள், கோயிலில் உட்கார்ந்த மாதிரி. இன்னொருவர் குறிப்பு எடுத்தார். இதற்கு என்ன குறிப்பு?

இருபது நிமிஷம் போயிருக்கும். கை காட்டினால் ஊத வேண்டும் என்று நோயெமி மேடை ஓரத்தில் நின்றாள். வார் கழுத்தில் பதிந்து கிடந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினாள். பிறகு மறுபடி. எத்தனை ஊரில் எத்தனை மாலை இப்படி மாற்றியிருப்பாள்? நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நேற்றுத்தான் பார்த்தேன்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"நோயெமி, நீ போய்ச் சாப்டுட்டு வா. எட்டு மணிக்கு வந்தாப் போதும்."

அவள் அசையவில்லை.

"முடிஞ்சிடுச்சு" என்றேன், இந்த முறை எல்லாரையும் பார்த்து.

யாரோ கேட்டார்: "எப்ப முடிஞ்சது?"

"நீங்க வந்து உக்காரதுக்கு முன்னாடி."

சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்தார்கள். நான் பேட்சை மூடினேன். மறுபடி திறந்தேன். சுவர் முழுக்கப் பூஜ்யம். ஒன்று என்று தட்டினேன். இருநூற்றுப் பதினான்கும் வந்து நின்றன. இரண்டு என்று தட்டினேன். மாறின. "இதுதான் வேலை. நான் இங்க மூணு மணி நேரம் உக்காரத் தேவையே இல்ல. 2008லேருந்தே தேவையில்ல. பொய் சொன்னேன்."

பிறகு அந்தக் குறிப்பு எடுத்தவர் கையைத் தூக்கி, சத்தம் அதிர்ச்சியில்லாமல் எப்படி மாறுகிறது என்று கேட்டார். ஒலியளவை முதலில் மூடுகிறோம் என்று காட்டினேன். இன்னொருவர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். நாலைந்து பேர் காசைத் திருப்பிக் கேட்கப் போனார்கள். கண்ணை மூடியிருந்த பெண் அழுதுகொண்டிருந்தாள், ஏனென்று எனக்குத் தெரியவில்லை.

எல்விரா எழுந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

எட்டு மணிக்கு வந்தாள். வாசித்தாள். நான் எண்களைத் தட்டினேன். ஒன்பதாம் நிலையில் பியானோவை அடித்து நொறுக்கிவிடுவாள் போலிருந்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

நடைவழியில் என்னை நிறுத்தினாள்.

"அன்னிக்கு என் வீட்ல சொன்னியே. அதோட விட்டிருக்கலாம். நான் தாங்கிட்டிருந்திருப்பேன். இத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டே."

"ஆமா."

"அன்னிக்குப் போன்ல நான் சொன்னதக் கேட்டேன்னியே. எனக்கு அது ஞாபகமே இல்ல."

"எனக்கு இருக்கு."

"நாளைக்கு பஸ்ல என் பக்கத்துல உக்காராதே."

உட்காரவில்லை. நோயெமி எனக்கு முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 9

யாரும் கூப்பிடவில்லை. பொது விடுமுறை. தெருவில் கொடிகள்.

ஜூலை 16

மறுபடி கண்ணாடி அறை. இடது காதில் இப்போது ஒன்றுமே இல்லை.

ஜூலை 22

நோயெமி கணினியை வாங்கிப் போக வந்தாள். எல்விரா கேட்டாளாம். கூடவே கொடுப்பதற்காக ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன் — எதை முதலில் திறப்பது, எங்கே சேமிப்பது, ஊளையிட்டால் எந்தப் பெட்டி. அவள் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஒம்பது பக்கம்" என்றாள். மாத்தே தேநீர் கொடுத்தேன். ஒன்று குடித்தாள், இரண்டாவது வேண்டாம் என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டே, சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ஆகஸ்ட் 18

கொர்தோபாவில் நேற்றுக் கச்சேரி. நான் இல்லாமல். நோயெமி செய்தி அனுப்பியிருக்கிறாள்: ஆறாம் நிலை அந்த அரங்கத்துக்கு அதிகமாக இருந்ததாம், எண்பத்தெட்டாவது எண்ணைக் குறைத்து வேறு பெயரில் சேமித்துவிட்டாளாம்.

யாரைக் கேட்டு என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். "நல்லது" என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 25, புதன்

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். போன். எல்விரா. மூன்று மாதத்துக்குப் பிறகு. வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஃபெர்மின், எட்டாவது நிலைக்கும் ஒம்பதாவதுக்கும் நடுவுல நிக்கணும் எனக்கு. ரெண்டும் இல்லாம, பாதி வழியில. அப்படி ஒரு இடம் இருக்கா?"

"இருக்கு. எட்டுக்குப் பதிலா எட்டு புள்ளி அஞ்சுன்னு போடுங்க. ரெண்டு நிலைக்கும் நடு எண்களக் கணக்குப் பண்ணி அதுவே வைக்கும்."

"எட்டு புள்ளி மூணுன்னா?"

"எட்டுக்குக் கொஞ்சம் கிட்ட."

போனைப் பியானோ மேல் வைத்தாள். தட்டச்சுச் சத்தம். பிறகு ஒரு சுரம், நான் கேட்டே இராத ஏதோ ஒன்று அதன் பின்னால் மெதுவாக விரிந்தது. மறுபடி அதே சுரம். அவள் யாரிடமோ, அல்லது தனக்குத்தானே, "வருது" என்றாள்.

"பிடிச்சிருந்தா அதையும் தனியாச் சேமிச்சுக்கோங்க" என்றேன். "மூணாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"தெரியும். படிச்சிட்டேன்."

நான் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

மணி இரண்டுகூட ஆகவில்லை. தெருவில் பஸ் ஒன்று முக்கிக்கொண்டு திரும்பியது. வலப்பக்கம் புரண்டு நல்ல காதைத் தலையணைக்குள் அழுத்திக்கொண்டேன். பஸ்ஸின் சத்தம் நின்றது, நாய்களின் குரைப்பு நின்றது, கீழ் வீட்டு ரேடியோ நின்றது. நாலரை வரை தூங்கியிருக்கிறேன்.